பூட்டிவிட்டு இழுத்துப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சொந்தமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை போட்டு, வாசலில் பலகையும் மாட்டிவிட்டாய். இனிமேலும் உன்னைப் பாப்பா என்று கூப்பிடுவது முறையா என்று தெரியவில்லை. வாய் பழகிவிட்டது, பொறுத்துக்கொள்.

நேற்று ராத்திரி நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். "அண்ணே, ஷட்டவுன் கொடுத்தா திரை அணைஞ்சுருது, ஃபேன் மட்டும் நிக்க மாட்டேங்குது. சேலைக்கடைக்காரரு காலையில வந்துருவாரு. பேசாம ஃபார்மட் போட்டு விட்டுரவா?" நீ பேசி முடிக்கும்வரை பின்னால் அந்த ஃபேன் இரைந்துகொண்டே இருந்தது. "போடாதே" என்று ஒரு வார்த்தை அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். காரணத்தையெல்லாம் கைபேசியில் விரலால் தட்ட எனக்குப் பொறுமை கிடையாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் கதையை முதலில் கேள். 2006 என்று நினைவு. நம் ஊர்ச் சுங்குடி வியாபாரி ஒருவருடைய கம்ப்யூட்டர். ஷட்டவுன் செய்த பிறகும் கேபினெட்டின் முன்விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். மறுநாள் காலையில் பட்டனை நாலு தடவை அமுக்கினால்தான் எழுந்திருக்கும். நான் என்ன ஏதென்று விசாரிக்கவில்லை. "வின்டோஸ் போயிருச்சு" என்று சொல்லி, வண்டியில் வைத்துக் கட்டி எடுத்துவந்து ஃபார்மட் போட்டேன். கணக்குக் கோப்புகளைக் கவனமாகப் பிரதி எடுத்துவைத்தேன். எழுத்துருக்களை எடுக்க மறந்தேன். அப்போது யூனிகோடு நம் பக்கம் பரவியிருக்கவில்லை. டிடிபி கடைக்கு ஒரு தமிழ் எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீட்டு முறை என்று கிடந்த காலம். சேலை லேபிள், விலைப்பட்டியல், அவர் மகள் கல்யாணப் பத்திரிகை எல்லாம் திரையில் ஆங்கில எழுத்தும் கிறுக்கலுமாக வந்து நின்றன. அந்த ஒரு எழுத்துருவைத் தேடித் திண்டுக்கல்லில் மூன்று நாள் அலைந்தேன்.

நாலாம் நாள் கொண்டுபோய் மாட்டி, ஷட்டவுன் செய்து காட்டினேன். விளக்கு பழையபடி எரிந்தது. திண்ணையில் அவருடைய அப்பா உட்கார்ந்திருந்தார். ஆயுசெல்லாம் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தவர். "தறிய நிறுத்துனா நிக்குது. இது என்னப்பா, நிக்கச் சொன்னா யோசிக்குது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. மேசையைத் துடைக்கிற பாவனையில் ஒவ்வொரு வயராக உருவினேன். யூஎஸ்பி ஹப்பை உருவியதும் விளக்கு பொட்டென்று அணைந்தது.

அந்த ஹப்புக்குத் தனியாக ஒரு அடாப்டர் உண்டு. கம்ப்யூட்டர் படுத்த பிறகும் ஹப் தன்னுடைய 5 வோல்ட்டை யூஎஸ்பி வயர் வழியாகப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. நல்ல ஹப்பில் அதைத் தடுக்க உள்ளே ஏற்பாடு இருக்கும். மலிவாகக் கிடைப்பதில் அதைத்தான் முதலில் மிச்சம் பிடிப்பார்கள். மதர்போர்டுக்கு முழுப் பட்டினியும் இல்லை, முழுச் சாப்பாடும் இல்லை. அரைகுறை மின்சாரத்தில் காலையில் எழுந்திருக்கவும் திணறியது. நான் குடைந்ததோ வின்டோஸை. வியாபாரியிடம் அன்றைக்குக் காசு வாங்கவில்லை. ஆனால் அந்தப் பெரியவருடைய கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிய எனக்கு இன்னும் சில வருஷம் பிடித்தது. அவர் கேலியாகச் சொன்னது அப்படியே நிஜம். இந்தப் பெட்டி, நிற்கச் சொன்னால் யோசிக்கத்தான் செய்கிறது.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1998-இல் நான் தொழிலுக்கு வந்தபோது ஏடி வகைக் கேபினெட்டுகள்தான். அதில் முன்பக்கத்து சுவிட்ச் நம் வீட்டு சுவிட்ச் மாதிரி. மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தடித்த கறுப்பு வயர் ஒன்று 230 வோல்ட்டைச் சுமந்துகொண்டு முன்னால் இருக்கும் பட்டன்வரை வரும். கேபினெட்டைத் திறந்து கை விட்டால் முழங்கையில் ஒரு உதை வாங்காமல் திரும்புவது அபூர்வம். ஆனால் அணைத்தால் அணைந்தது. வின்டோஸ் 95 தன் வேலையை முடித்துக்கொண்டு, கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்தில், இனி நீங்கள் அணைக்கலாம் என்று அறிவிக்கும். நாம் எட்டிப் பட்டனைத் தட்டுவோம். மென்பொருள் விடைபெறும், மனிதன் விளக்கை அணைப்பான். இரண்டு பேருக்கும் தனித்தனி வேலை.

1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற புது அமைப்பைக் கொண்டுவந்தது. நம் ஊருக்கு அது வந்து சேர 2000 ஆகிவிட்டது. அதிலிருந்து முன்பக்கத்துப் பட்டன் வெறும் காலிங் பெல். பெல் அடிக்கலாம், கதவைத் திறப்பதும் மூடுவதும் உள்ளே இருப்பவர்கள் பாடு. சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும்வரை எஸ்எம்பிஎஸ்ஸின் ஒரு மூலை தூங்காது. ஊதா வயரில் 5 வோல்ட் ராப்பகலாக மதர்போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், காவல்காரனுக்குக் கொடுக்கிற டீ மாதிரி. எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய பகுதி எழுந்து ஓட வேண்டுமானால், மதர்போர்டு பச்சை வயரை இழுத்துத் தரையோடு பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்திருக்கும்வரை ஓடும், கையை விட்டால் நிற்கும். அணைப்பது என்றால் இன்றைக்கு அவ்வளவுதான்: யாரோ ஒருவர் பச்சை வயரிலிருந்து கையை விட வேண்டும்.

அந்தக் கையை விடச் சொல்லும் சேதி பல கை மாறிப் போகிறது. நீ மவுஸால் அமுக்குகிறாய். வின்டோஸ் திறந்து கிடக்கும் நிரல்களையெல்லாம் மூடச் சொல்கிறது, டிரைவர்களைக் கடையைக் கட்டச் சொல்கிறது, கடைசியில் ஏசிபிஐ என்கிற உடன்படிக்கைப்படி மதர்போர்டுச் சில்லுக்கு உத்தரவு போடுகிறது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், டோஷிபா மூன்றும் சேர்ந்து எழுதியது அந்த ஏசிபிஐ. நாம் 'ஆஃப்' என்று சொல்லும் நிலைக்கு அதில் எஸ்5 என்று பெயர். சுவரிலேயே அணைத்துவிட்டால் அது ஜி3. அதாவது எழுதியவர்களே இரண்டும் வேறு என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வாடிக்கையாளருக்குத்தான் இரண்டுக்கும் ஒரே சொல்.

ஆகவே உன் முன்னால் இருக்கும் கேள்வி ஒன்றே. சேதி யார் கையில் நின்றுபோனது? அது தெரியாமல் ஃபார்மட் போடுவது, தபால் வரவில்லை என்பதற்காக எழுதினவன் வீட்டை இடித்துக் கட்டுகிற மாதிரி.

முதலில் ஆளிடம் விசாரி. 'அணைய மாட்டேங்குது' என்று வருகிறவர்கள் எல்லோரும் ஒரே நோயைச் சொல்வதில்லை. ஒருத்தருக்குத் திரையில் வட்டம் அரை மணி நேரமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்னொருத்தருக்கு, உன்னிடம் இருப்பதைப் போல, திரை இருண்டு ஃபேன் மட்டும் ஓடும். வேறொருத்தருக்கு எல்லாம் ஒழுங்காக அணையும், இரண்டு நொடியில் தானே எழுந்து உட்காரும். மவுஸின் சிவப்பு விளக்கு எரிகிறது என்று பயந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவரும் உண்டு; அவருடையது நோயே இல்லை. அதனால் "செஞ்சு காட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில். அவர் வழக்கமாகச் செய்கிறபடியே செய்யட்டும். மானிட்டர் பட்டனை மட்டும் அமுக்கிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்ததாக இரண்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். சிரித்துவிடாதே. மானிட்டர் பட்டனிலும் அதே வட்டமும் கோடும்தானே போட்டிருக்கிறது?

அடுத்து, எப்போதிருந்து என்று கேள். அந்த வாரம் புதிதாக என்ன வந்தது? பிரிண்டரா, பார்கோடு மிஷினா, வைஃபை டாங்கிளா, ராத்திரியோடு ராத்திரியாக வின்டோஸ் அப்டேட்டா? பாதிக் கோளாறு அந்தப் பதிலிலேயே மாட்டிக்கொள்ளும்.

இனி உன் மேசை மேல் இருப்பதற்கு வருகிறேன். திரை இருண்டதும் அவசரப்பட்டுப் பட்டனை நாலு நொடி அமுக்கிப் பிடித்துக் கொன்றுவிடாதே. முன்பக்கத்து ஹார்டுடிஸ்க் விளக்கைப் பார். அதுதான் நாடி. அது துடித்துக்கொண்டிருந்தால் வின்டோஸ் இன்னும் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறது; ஒரு டீ குடித்துவிட்டு வா. விளக்கு அசைவில்லாமல் கிடந்து ஃபேன் மட்டும் ஓடினால்தான் சேதி நின்றுபோயிருக்கிறது என்று பொருள்.

முதல் சோதனைக்கு ஸ்க்ரூடிரைவரே வேண்டாம். கம்ப்யூட்டரைப் போட்டதும் டெலிட்டையோ எஃப்2-வையோ தட்டி பயாஸுக்குள் போ. அந்த நீலத் திரையில் நின்றுகொண்டு முன்பட்டனை ஒரு தட்டுத் தட்டு. அங்கே வின்டோஸ் இல்லை, டிரைவர் இல்லை, வைரஸ் இல்லை. தட்டிய கணமே எல்லாம் அடங்கிவிட்டால் மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், பட்டன் மூன்றும் ஒரே அடியில் நிரபராதி. அங்கேயும் ஃபேன் ஓடினால் வின்டோஸ் நிரபராதி. (சில பழைய பயாஸில் பட்டனுக்கு 4 நொடித் தாமதம் வைத்திருப்பார்கள். தட்டி அடங்கவில்லை என்றால் அதையும் ஒரு பார்வை பார்.) இந்தச் சோதனைக்கு அரை நிமிஷம் ஆகும். 2006-இல் இது எனக்குத் தெரிந்திருந்தால் மூன்று நாள் பஸ் காசு மிச்சம்.

வின்டோஸ் பக்கம்தான் என்று தெரிந்தால், உடனே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பைச் சந்தேகப்படு. 2012 அக்டோபரில் வின்டோஸ் 8 வந்தபோது வந்த வித்தை இது. அன்றிலிருந்து ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை. நாம் திறந்த நிரல்களை மூடுகிறது. ஆனால் தன்னுடைய உள்மையத்தை அப்படியே ஒரு கோப்பாக டிஸ்க்கில் எழுதிவைத்துக்கொண்டு படுக்கிறது. காலையில் அதைத் திரும்ப வாசித்துக்கொண்டு சட்டென்று எழுகிறது. வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் நேற்று ஒரு டிரைவர் கோணிக்கொண்டிருந்தால் இன்றும் அதே கோணலோடு எழும். நம் ஆட்கள் ரீஸ்டார்ட்டை லேசான வேலை என்றும் ஷட்டவுனைப் பெரிய வேலை என்றும் நினைக்கிறார்கள். தலைகீழ். ரீஸ்டார்ட்தான் எண்ணெய் தேய்த்த முழுக்குளியல், ஷட்டவுன் வெறும் முகங்கழுவல். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் 'அப் டைம்' என்று ஒரு கணக்கு ஓடும், பார்த்திருப்பாய். தினமும் ராத்திரி ஒழுங்காக அணைக்கிறேன் என்று சத்தியம் செய்கிறவருடைய பெட்டியில் அது 40 நாள் காட்டும். அவர் பொய் சொல்லவில்லை.

ஷிஃப்ட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் கொடுத்துப் பார். அந்த ஒரு முறை மட்டும் முழுதாக அணையும். அப்படிச் செய்யும்போது ஃபேன் நின்றுவிட்டால் வழி கிடைத்துவிட்டது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்கிற பக்கத்தைத் திற. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் அங்கே சாம்பல் நிறத்தில் தொட முடியாமல் இருக்கும். மேலே உள்ள நீல வரியைத் தட்டினால் திறக்கும். டிக்கை எடுத்துவிடு. காந்திகிராமத்திலிருந்து வின்டோஸோடு லினக்ஸும் போட்டுக்கொண்டு வருகிற மாணவர்கள், லினக்ஸில் இருந்து வின்டோஸ் டிரைவில் எதுவும் எழுத முடியவில்லை என்று புலம்புவார்களே, அதற்கும் பெரும்பாலும் இதே டிக்தான் காரணம். டிரைவைப் பூட்டாமல் பாதித் தூக்கத்தில் விட்டுவிட்டு வின்டோஸ் போயிருக்கும்.

அதிலும் சரியாகவில்லையா? அந்தச் சேலைக்கடைப் பெட்டியில் முதலில் வின்டோஸ் 7 இருந்ததா என்று கேள். 2015 ஜூலையில் வின்டோஸ் 10 வந்தது. பழைய பெட்டிக்காரர்களும் இலவசம் என்றதும் ஏற்றிக்கொண்டார்கள். அப்போது உலகம் முழுக்க ஒரு கோளாறு கிளம்பியது: திரை அணையும், ஃபேன் ஓடும். நீ சொன்ன அதே வார்த்தைகள். இன்டெல் மதர்போர்டுகளில் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்று ஒரு குட்டிக் கணினி, பெரிய கணினிக்கே தெரியாமல் தனியாக உட்கார்ந்திருக்கும். அதனோடு பேசுகிற டிரைவரின் புதிய பதிப்பைப் பழைய போர்டின் மேல் வின்டோஸ் தானாக ஏற்றிவிட்டது. இரண்டுக்கும் பேச்சு ஒத்துப்போகவில்லை. அணைக்கிற நேரத்தில் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றுவிட்டன. மருந்து சுலபம். போர்டு தயாரித்தவர் தளத்திலிருந்து அந்த மாடலுக்கென்று கொடுத்த பழைய டிரைவரை இறக்கிப் போட வேண்டும். வின்டோஸ் அதை மறுபடி புதுப்பித்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபார்மட் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? புது வின்டோஸ் இன்டர்நெட்டைத் தொட்டதும் அதே டிரைவரைத் தானே தேடிப்பிடித்து ஏற்றியிருக்கும். சாயங்காலத்துக்குள் நோய் திரும்பி வந்திருக்கும், என் திண்ணைக் கதை மாதிரி.

பயாஸ் சோதனையில் தோற்றால் மட்டும் மல்டிமீட்டரை எடு. 24 துளைக் கனெக்டரில் கொக்கி இருக்கும் பக்கத்து வரிசையைப் பார்: ஆரஞ்சு, நீலம், கறுப்பு, அடுத்தது பச்சை. இப்போது வருகிற எஸ்எம்பிஎஸ்களில் எல்லா வயரும் கறுப்பாக இருக்கிறது, அழகாம். அங்கே எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றாமல், மீட்டரின் கறுப்பு முனையைக் கேபினெட் தகரத்தில் வைத்து, சிவப்பு முனையைப் பச்சை வயரின் பின்பக்கத் துளை வழியாக நுழை. ஓடிக்கொண்டிருக்கும்போது பூஜ்ஜியத்துக்கு ஒட்டிக் காட்டும். ஷட்டவுன் கொடுத்த பிறகு 5 வோல்ட்டை ஒட்டி ஏற வேண்டும். ஏறிய பிறகும் ஃபேன் ஓடினால் மதர்போர்டு கையை விட்டுவிட்டது, எஸ்எம்பிஎஸ்ஸுக்குத்தான் காது கேட்கவில்லை. ஏறவே இல்லை என்றால் மதர்போர்டு பிடியை விடவில்லை. ஒரே ஒரு வயர். யார் பக்கம் தப்பு என்று அதுவே சாட்சி சொல்லிவிடும். அந்தச் சாட்சியை உறுதிப்படுத்த எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகக் கழற்றி, எதிலும் மாட்டாமல் சுவரில் சொருகு. பச்சையையும் கறுப்பையும் இணைக்காமலே அது ஓட ஆரம்பித்தால் மாற்றிவிடலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். விலை கூடிய சில எஸ்எம்பிஎஸ்களில் அணைந்த பிறகும் சூடு தணிய ஒரு நிமிஷம்போல ஃபேன் ஓடும்படி அவர்களே வைத்திருப்பார்கள். அதைக் கோளாறு என்று கழற்றிவிடாதே.

எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியை மட்டும் திறக்காதே. உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் உட்கார்ந்திருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம். இன்னொன்று. பெட்டியைத் தொட்டால் சுரீரென்கிறது என்று யாராவது சொன்னால், கம்ப்யூட்டரில் குறை தேடாமல் அந்த வீட்டுச் சுவரில் எர்த் இருக்கிறதா என்று பார். எர்த் இல்லாத வீட்டில் 230-இல் பாதி, 115 வோல்ட்போல, கேபினெட் தகரத்தில் நிற்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் செய்கிற வேலை அது. மீட்டர் அளவும் அந்த இடத்தில் தாறுமாறாகத் தெரியும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லிவிட்டு மறுநாள் போ.

தானே எழுந்துகொள்கிற பெட்டிக்கு வேறு விசாரணை. அணைகிற நேரத்தில் வின்டோஸ் தடுக்கி விழுந்தால், விழுந்ததும் தானே ரீஸ்டார்ட் ஆகும்படி ஒரு டிக் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் பிழைத்திரை நின்று கோளாறின் பெயரைச் சொல்லும். சில இடத்தில் நெட்வொர்க் கார்டு எழுப்பும், சில இடத்தில் மேசை ஆடி மவுஸ் அசைந்து எழுப்பும். நம் ஊருக்கென்றே ஒன்று உண்டு: நூல்பஞ்சு. தறி ஓடுகிற வீட்டுக் கேபினெட்டைத் திறந்தால் தூசியோடு பஞ்சும் மெத்தை மெத்தையாக வரும். அது முன்பட்டனின் சந்தில் போய் அடைத்துக்கொண்டால் அமுக்கிய பட்டன் திரும்பாது. பட்டன் உள்ளேயே சிக்கிக் கிடந்தால் பெட்டி போட்டதும் நாலு நொடியில் அணைந்துவிடும். பாதி சிக்கினால் தன் இஷ்டத்துக்கு எழும், படுக்கும். மதர்போர்டிலிருந்து பட்டன் வயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு எழுப்பிப் பார். ஒழுங்காக நடந்தால் பட்டனைச் சுத்தம் செய்து கொடு, தீர்ந்தது. ப்ளோயர் போடும்போது வாசலுக்குக் கொண்டுபோய்ப் போடு. பக்கத்துக் கடை பட்சணத்தட்டில் பஞ்சு விழுந்து நான் வாங்கிய பேச்சு போதும்.

மவுஸ் விளக்குக்காரரை வெறுங்கையோடு அனுப்பாதே. அவர் கேட்பது நியாயமான கேள்வி. ஊதா வயரின் 5 வோல்ட்தான் அந்த விளக்கை எரிக்கிறது. அதையும் நிறுத்த பயாஸில் ஈஆர்பி என்று ஒரு அமைப்பு இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தால் வந்தது. அணைத்து வைத்த கருவி 2010 முதல் 1 வாட்டுக்கு மேல், 2013 முதல் அரை வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று அவர்கள் கட்டளை போட்டார்கள். அந்தக் கட்டளைக்காகச் செய்த மதர்போர்டுதான் சின்னாளப்பட்டியிலும் விற்கிறது. கணக்கும் போட்டுக் காட்டு. அணைந்த பெட்டி 3 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள். இரண்டு மாத பில்லுக்கு நாலேகால் யூனிட் சொச்சம்தான். அதற்குப் பதறத் தேவையில்லை. உன் மேசையில் இருப்பதுபோல் ஃபேன் ஓடியபடி 40 வாட்டில் ராத்திரிக்கு 12 மணி நேரம் கிடந்தால் இரண்டு மாதத்துக்கு 29 யூனிட். வீட்டு இணைப்பு என்றால் அரசு கொடுக்கும் இலவச 100 யூனிட்டில் கால்வாசிக்கு மேல் போயிற்று. காந்திகிராமத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாக உபதேசிக்க வேண்டுமா என்ன?

இப்போது காசு விஷயம். இதில்தான் நீ தடுமாறுவாய், எனக்குத் தெரியும். டிக் ஒன்றை எடுத்துவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால், "ஒண்ணுமே மாத்தலையேம்மா, எதுக்குக் காசு?" என்று கட்டாயம் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் இந்தத் தொழிலில் பாதிப்பேர் ஃபார்மட் போடுகிறார்கள். ஃபார்மட் போட்டால் நாள் முழுக்க வேலை நடந்ததுபோல் இருக்கும், கேட்ட காசு வரும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிட்டுக் காசு வாங்குகிறவர்களும் உண்டு. நீ பெட்டியை வாங்கும்போதே, பார்த்துச் சொல்ல இவ்வளவு, பொருள் போட்டால் அதன் விலை தனி என்று சொல்லிவிடு. பொருள் மாற்றினால் பழையதை அவர் கையிலேயே கொடு. முடிந்தால் பச்சை வயர் சோதனையை அவர் கண்முன் செய். மீட்டரில் எண் ஏறி இறங்குவதைப் பார்த்தவர்கள் அதிகம் பேரம் பேசுவதில்லை. அது ஏனோ தெரியவில்லை, தராசு முள்ளைப் பார்த்துப் பழகிய கண் போலிருக்கிறது.

பெட்டியைக் கொடுக்கும்போது கடைப் பையனையும் கூப்பிட்டுப் பேசு. ராத்திரி கடை சாத்துகிறவன் அவன்தான். ஷட்டவுனைத் தட்டிவிட்டு அதே கையோடு யூபிஎஸ்ஸையும் அணைத்துவிட்டு ஷட்டரை இறக்குகிறவன். 2012-இல் நம் ஊரில் யாரும் கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்யவில்லை, மின்வெட்டே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. அந்தக் காலத்துப் பழக்கம் இன்னும் விரலில் இருக்கிறது. பையனிடம் ஏசிபிஐ எல்லாம் சொல்லாதே. திண்டுக்கல் பூட்டை வைத்துச் சொல். பூட்டியதும் சாவியை உருவிக்கொண்டு யாராவது போய்விடுகிறார்களா? இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தானே படியிறங்குகிறார்கள்? ஃபேன் சத்தம் நிற்கும்வரை நிற்பது அந்த மாதிரி இழுத்துப் பார்ப்பதுதான். நின்ற பிறகு யூபிஎஸ், அப்புறம் சுவர், அப்புறம் ஷட்டர். பையன்களுக்கு இது ஒருமுறை சொன்னால் போதும். முதலாளிகளுக்குத்தான் நாலைந்து தடவை ஆகும்.

சேலைக்கடைக்காரர் வந்து நின்றால், நாளைக்குத் தருகிறேன் என்று சொல். முகம் சுளிப்பார், பரவாயில்லை. என் ஊகம் மேனேஜ்மென்ட் எஞ்சின் டிரைவர்தான். ஆனால் நான் பெட்டியைப் பார்க்கவில்லை, சத்தத்தை மட்டும்தான் கேட்டேன். எதற்கும் கோப்புகளைப் பிரதி எடுத்துவை, எழுத்துருவோடு சேர்த்து. பின்னால் சொருகியிருப்பதை எல்லாம் உருவிவிட்டு, கீபோர்டும் மானிட்டரும் மட்டும் வைத்துக்கொண்டு ஒருதடவை ஷட்டவுன் கொடு. பிறகு பயாஸுக்குள் போய்ப் பட்டனைத் தட்டு. அங்கேயும் ஃபேன் நிற்கவில்லை என்றால், பச்சை வயரில் எத்தனை வோல்ட் வந்தது என்று எனக்கு எழுது.

உன்
அண்ணன்,
சின்னாளப்பட்டி